நாலுகால் மாலுமிகள்

புவியியல் பாடவேளையில் எழுந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. எங்கள் சிஸ்டர் கரும்பலகையில் காற்று மண்டலங்களை வரைந்துகொண்டிருந்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு வரிசை அம்புக்குறிகள். தெற்கே ஒரு வரிசை. நடுவே வெறும் இடம். "இந்த வெறும் இடத்தில் காற்று பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பாய்மரப் படகு இங்கே அகப்பட்டால் நாள்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "இந்தக் காலத்தில் யார் சிஸ்டர் பாய்மரப் படகில் போகிறார்கள்?" என்று கேட்டாள். "நாயையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்" என்றார் சிஸ்டர். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் அந்தப் பேச்சை விட எங்களுக்கு மனம் வரவில்லை. நூலகத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் நாங்கள் தேடித் திரட்டியவற்றை, எங்களுக்குள் எழுந்த சண்டையோடு சேர்த்து, தோழியர் முன் வைக்கிறோம்.

கப்பல் என்றவுடன் நம் மனக்கண்முன் துறைமுகத்தில் நிற்கும் பெரிய சரக்குக் கப்பல்தான் தோன்றும். நாங்கள் சொல்ல வந்தது அதுவன்று. பத்து அல்லது பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள சிறு படகு. நடுவே உயர்ந்த பாய்மரம். அடியில், நீருக்குள், படகு கவிழ்ந்துவிடாமல் நிறுத்தும் கனத்த உலோகப் பகுதி. செங்குத்தான ஏணி வழியாக உள்ளே இறங்கினால் நம் வகுப்பறையில் பாதிகூட இல்லாத இடம். சமைப்பது, உண்பது, உறங்குவது, வரைபடம் பார்ப்பது எல்லாம் அதற்குள்ளேதான். காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது படகு மறுபக்கம் சாய்ந்தபடியே செல்லும் ஆகையால், அடுப்பையும் ஊஞ்சல்போல் ஆடும்படி பொருத்தியிருப்பார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். மேலைநாடுகளில் ஓய்வு பெற்ற தம்பதியர், பிள்ளைகளுடன் பெற்றோர், தனி ஆட்கள் எனப் பலர் வீட்டை விற்றுவிட்டு, இத்தகைய படகையே வீடாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நாடு நாடாகச் செல்கின்றனர். வீட்டில் நாய் இருந்தால் என்ன செய்வது? சிலர் அதையும் ஏற்றிக்கொள்கின்றனர்.

இது புதிய வழக்கமன்று. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் முதன்முதல் குடியேறிய பாலினேசிய மக்கள், இரண்டு ஓடங்களை இணைத்துக் கட்டிப் பாய் விரித்த கலங்களில், விதைக் கிழங்குகளோடு நாய்களையும் ஏற்றிச் சென்றனர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 'குரீ' என்று அழைத்த நாய் அவ்வாறு கடல் கடந்து வந்த நாய்தான். இன்று அந்த இனம் இல்லை. ஐரோப்பிய நாய்களோடு கலந்து மறைந்துவிட்டது.

ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பலைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1768 ஆகஸ்டில் அது பிளிமத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது, தாவரவியல் அறிஞரான ஜோசப் பாங்க்ஸ் இரண்டு வேட்டை நாய்களைத் தம்முடன் அழைத்துச் சென்றார் என்பதைப் பாடநூல் ஏனோ சொல்லவில்லை. 1770-இல் கப்பலைப் பழுதுபார்க்க ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் தங்கியிருந்தபோது நாய் கங்காருவைத் துரத்தியது. உயர்ந்து அடர்ந்த புல் நாயின் கால்களைத் தடுத்தது; கங்காருவோ புல்லுக்கு மேலே தாவித் தாவித் தப்பியது. பாங்க்ஸின் நாய்களுள் ஒன்றின் பெயர் 'லேடி'. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கடலில் கழித்த அந்த நாய், 1771 ஜூலைத் தொடக்கத்தில், ஊர் போய்ச் சேரச் சில நாட்களே இருந்த நிலையில், இரவில் ஒருமுறை உரக்க அலறியது. பிறகு அடங்கிவிட்டதால் யாரும் எழுந்து பார்க்கவில்லை. காலையில், வழக்கமாகத் தான் உறங்கும் சிறு ஆசனத்தின் மேலேயே இறந்துகிடந்தது. உலகத்தைச் சுற்றியவர்கள் பட்டியலில் அதன் பெயரை யாரும் எழுதுவதில்லை.

தனியொருவராக உலகைப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோசுவா ஸ்லோகம். 1895 முதல் 1898 வரை 'ஸ்பிரே' என்ற படகில் சென்றார். அவருக்கு வாய்த்தது நாய் அன்று, ஆடு. செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் துணைக்கு இருக்கட்டுமென்று ஓர் ஆட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். அது படகிலிருந்த கயிறுகளைக் கடித்தது. பிறகு மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையே தின்று தீர்த்தது. அவர் போக வேண்டிய திசையோ அதுதான்! அடுத்த தீவான அசென்ஷனில் ஆட்டை இறக்கிவிட்டார். அந்த ஆடு நம் பள்ளிக்கு அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் வந்திருக்கக் கூடாதா என்று எங்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

படகு வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய்களும் உண்டு. போர்ச்சுகல் நாட்டு மீனவர்களிடம் இருந்த நீர்நாய் இனம் அவற்றுள் புகழ்பெற்றது. (நீரில் வாழும் நீர்நாய் வேறு, இது உண்மையான நாய்.) விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால் இது நன்றாக நீந்தும். மீன்களை வலைக்குள் ஓட்டும். அறுந்து மிதக்கும் வலைத் துண்டுகளை மீட்டு வரும். ஒரு படகிலிருந்து மற்றொரு படகுக்குச் செய்தியைச் சுமந்து நீந்திச் செல்லும். இயந்திரப் படகுகள் வந்தபின் இதற்கு வேலையில்லாமற் போயிற்று. 1930-களில் இனமே அழியும் நிலையில் இருந்தபோது வாஸ்கோ பென்சௌதே என்ற செல்வந்தர் கரையோரங்களில் தேடிப் பிடித்து வளர்த்துக் காப்பாற்றினார். 2009-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் மகளிருக்குக் கிடைத்த 'போ' என்ற நாய் இந்த இனந்தான்.

இனி, படகில் நாய் எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். எங்கள் வகுப்பில் முதலில் எழுந்த ஐயம் எது என்று தோழியர் எளிதில் ஊகிக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் படகில் செல்வோரும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுதான். நன்றாகப் பழக்கிய நாய் தான் வாழும் இடத்தை அசுத்தம் செய்யாது. படகு முழுவதுமே அது வாழும் இடமாக இருந்தால்? சில நாய்கள் ஒரு நாள் முழுவதும், அதற்கு மேலும்கூட அடக்கிக்கொண்டு தவிக்குமாம். அதனால் பயணம் தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்னரே பழக்குகிறார்கள். செயற்கைப் புல் விரிப்பு ஒன்றை முதலில் கரையில் விரித்து, நாய் அதன்மேல் போகும்படி செய்கிறார்கள். அந்த வாடை ஏறிய விரிப்பைப் பிறகு படகின் மேல்தளத்தில், அணியத்தின் பக்கம் விரிக்கிறார்கள். நாய் மோந்து பார்த்துப் புரிந்துகொள்கிறது. புரிந்துகொண்ட அன்று படகிலுள்ளோர் கைதட்டிப் பாராட்டித் தின்பண்டம் கொடுக்கிறார்கள். விரிப்பின் மூலையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கடலில் முக்கி எடுத்தால் சுத்தம். நங்கூரம் பாய்ச்சித் தங்கும் நாட்களில், மழையானாலும் வெயிலானாலும், காலையும் மாலையும் சிறு தோணியில் ஏற்றிக் கரைக்குத் துடுப்பு வலித்துச் செல்ல வேண்டும். வீட்டு நாயை நாலு வீடு தள்ளி அழைத்துப் போகவே நாம் தம்பியை ஏவுகிறோம்!

அடுத்தது, கடலில் தவறி விழும் ஆபத்து. படகின் விளிம்பைச் சுற்றிக் கம்பிகள் ஓடும். மனிதருக்கு அவை போதும். நாய் அவற்றின் அடியிலேயே நழுவிவிடும். ஆகவே கம்பிக்கும் தளத்துக்கும் இடையே வலை பின்னுகிறார்கள். நாய்க்கும் மிதவைச் சட்டை உண்டு. அதன் முதுகில் பைக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடி இருக்கும். விழுந்தால் கொக்கியால் மாட்டித் தூக்கிவிடலாம். ஆழ்கடலில் இரவு நேரத்தில் நாயை மேல்தளத்தில் கயிற்றோடு பிணைத்துத்தான் விடுவார்கள். ஏன் இவ்வளவு கவலை? பாய் விரித்து ஓடும் படகை உடனே நிறுத்த இயலாது. பாயை இறக்கித் திரும்பி வருவதற்குள், அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலையே கண்ணுக்குத் தெரியாமற் போகும். நாயின் தலை எம்மாத்திரம்?

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை என்பதை உயிரியல் வகுப்பில் படித்தோம். பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கை வெளியே நீட்டி இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வெப்ப மண்டலக் கடலில் நண்பகல் வெயிலில் படகின் தளம் தோசைக்கல்லாகக் காயும், பாதம் வெந்துவிடும். ஆதலால் மேலே துணிப்பந்தல் கட்டுகிறார்கள். தளத்தை அடிக்கடி கடல் நீரால் நனைக்கிறார்கள்.

குடிநீர்க் கணக்கையும் நாங்கள் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது மில்லிலிட்டர் நீர் நாய்க்குத் தேவை. இருபது கிலோ நாய் என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வெயிலில் இன்னும் கூடும். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்கு 120 கடல் மைல் செல்லலாம். மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து தென் பசிபிக்கிலுள்ள மார்க்கெசாஸ் தீவுகள் ஏறத்தாழ 2,800 கடல் மைல். ஆக, குறைந்தது 23 நாள். நாய்க்கு மட்டும் முப்பது லிட்டர் நீர் எடுத்துச் செல்ல வேண்டும். காற்று ஓய்ந்துவிட்டால் என்ற அச்சத்துக்கு மேலும் முப்பது. கடல் நீரைக் குடிக்கட்டுமே என்று விட முடியாது. உப்பு மிகுந்தால் நாய்க்கு வாந்தி, கழிச்சல், வலிப்பு என்று தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அலையடித்து நனைந்த நாய் உடம்பை நக்கிக்கொள்ளும். அதையும் துடைத்துவிட வேண்டும். இரவில் பறக்கும் மீன்கள் தாமாகவே தளத்தில் வந்து விழும். காலையில் முதலில் எழுபவர் நாயானால் அது அவருடைய சிற்றுண்டி! ஆனால் கரையோரத்தில் பேத்தை மீன் கிடந்தால் எட்டவே விடக் கூடாது. அதன் நஞ்சு கொல்லும்.

ஒரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பழங்காலத்து மாலுமிகள் மாதக்கணக்கில் காய் கனி இல்லாமல் சென்றபோது ஈறு வீங்கிப் பல் உதிர்ந்து ஸ்கர்வி நோயால் மாண்டனர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் அதைக் குணப்படுத்துவதைச் சோதித்துக் காட்டினார். அதே கப்பலில் இருந்த நாய்க்கு அந்த நோய் வராது. ஏனெனில் வைட்டமின் 'சி'-யை நாய் தன் ஈரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. மனிதனால் அது இயலாது. கடல் வாழ்க்கைக்கு இந்த ஒன்றில் நம்மைவிட நாயே தகுதி பெற்றது.

இப்போது பெல்லாவின் கதைக்கு வருவோம். சிஸ்டர் அன்று சொன்னதும் இந்தக் கதைதான்.

டிம் ஷாடோக் என்பவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தவர். மெக்சிகோவில் தங்கியிருந்தபோது தெருநாய் ஒன்று அவரைப் பின்தொடர்ந்தது. பெல்லா என்று பெயரிட்டார். கடலில் நெடுந்தொலைவு போகவிருப்பதால் அதற்கொரு நல்ல வீடு பார்த்து விட்டுச்செல்லவே அவர் விரும்பினார். மூன்று முறை முயன்றாராம். மூன்று முறையும் அது அவரைத் தேடி வந்து, தண்ணீர் வரை பின்தொடர்ந்தது. பிறகு படகில் ஏற்றிக்கொண்டார். படகின் பெயர் 'அலோகா டோவா'. அது 'கட்டமரான்' வகையைச் சேர்ந்தது. அதாவது இரண்டு ஓடுகளை இணைத்து அமைத்த படகு. அந்த ஆங்கிலச் சொல் நம் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

2023-ஆம் ஆண்டு வேனிற் காலத்தில் லா பாஸ் துறையிலிருந்து பிரெஞ்சுப் பாலினேசியாவை நோக்கிப் பயணம் தொடங்கியது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மே மாதத் தொடக்கத்தில், முழு நிலவு காயும் இரவில், கடைசியாக நிலத்தைக் கண்டதாக அவர் பின்னர் கூறினார். அந்தக் கடற்பகுதியில் புயற்காலம் மே 15 முதல் தொடங்குவதாகக் கணக்கு. சில வாரங்களில் புயல் தாக்கியது. மின்கருவிகள் பழுதாயின. செய்தி அனுப்ப வழியில்லை, சமைக்கவும் வழியில்லை. படகு நீரோட்டத்தோடு மிதக்கத் தொடங்கியது.

அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு மனிதரும் ஒரு நாயும் பச்சை மீனைத் தின்று, மழைநீரைப் பிடித்துக் குடித்து உயிர் வாழ்ந்தனர். படகின் கூரை நிழலில் ஒண்டிக்கொண்டதால் வெயில் அவர்களைக் கொல்லவில்லை. தூண்டில் இருந்ததால் பசி கொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றுவது வேறொன்று. யாருமே இல்லாமல் அத்தனை நாள் இருந்தால் பேச்சே மறந்துபோயிருக்கும். அவருக்குப் பேச ஓர் ஆள் இருந்தது; அந்த ஆளுக்கு மீன் பிடித்துக் கொடுக்க வேண்டிய கடமையும் இருந்தது. எழுந்திருக்க மனமில்லாத காலையிலும் நாய்க்குப் பசிக்குமல்லவா?

ஜூலை நடுவில், கரையிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவில், மெக்சிகோவைச் சேர்ந்த 'மரியா டெலியா' என்ற சூரை மீன் பிடிக்கும் கப்பலின் ஹெலிகாப்டர் அவர்களைக் கண்டது. அவர்களைத் தேடி வந்த ஹெலிகாப்டர் அன்று அது. சூரைக் கூட்டத்தை மேலிருந்து கண்டுபிடிப்பதற்காக இத்தகைய கப்பல்கள் ஹெலிகாப்டர் வைத்திருக்கின்றன. மீனைத் தேடி வந்தவர்கள் மீனைத் தின்று பிழைத்திருந்தவர்களைக் கண்டார்கள்! ஜூலை 18 அன்று கப்பல் மான்சனியோ துறைமுகத்தை அடைந்தது. மெலிந்து, தாடி வளர்ந்திருந்த ஷாடோக் சிரித்துக்கொண்டே இறங்கினார். தம்மைவிட அந்த நாய்க்கே துணிச்சல் அதிகம் என்று செய்தியாளரிடம் சொன்னார்.

பெல்லா அவரோடு இறங்கவில்லை. கப்பலிலேயே இருந்தது. அவர் அதைக் கப்பல் ஊழியர் ஒருவரிடம், நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற சொல்லின்பேரில், ஒப்படைத்துவிட்டார். அவர் புறப்பட்டுச் சென்ற பிறகே அது கரைக்கு வந்ததாம்.

இதைச் சிஸ்டர் சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒரே கூச்சல். உயிர் காத்த நாயை எப்படி விட்டுவிட்டுப் போகலாம்? அன்பு இல்லாதவரா அவர்? "முதலில் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார் சிஸ்டர். படித்தோம்.

கடலில் நாய்க்குப் பெரிய தடை அலை அன்று, வெறிநோய். ரேபிஸ் என்னும் அந்நோய் முற்றியபின் மருந்து இல்லை. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போட்டுக் காத்தார். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து செய்து வந்ததைப் பலரும் அறிவர். வெறிநோய் ஒரு நாட்டில் கால் வைத்துவிட்டால் ஒழிப்பது அரிது. ஆனால் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு நாடுகள், வாசலிலேயே தடுத்தால் போதும் என்ற நிலையில் உள்ளன. அதனால்தான் அவை நாய்க்குக் காட்டும் கண்டிப்பை மனிதருக்குக்கூடக் காட்டுவதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒரு காலத்தில் வந்திறங்கும் ஒவ்வொரு நாயும் 120 நாள் தனிக்கூண்டில் இருந்தாக வேண்டும். 2003-க்குப் பிறகு, தடுப்பூசியும் இரத்தச் சோதனையும் முறைப்படி முடிந்திருந்தால் ஐந்து நாளோ அதற்குக் குறைவோ போதும் என்றாயிற்று. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வரை ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் சொந்தப் படகில் வந்த நாய் கரையில் கால் வைக்கக் கூடாது. படகுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். நாயைக் குடியேற்ற விரும்பினால் தடுப்பூசி, அனுமதிச் சீட்டு, இரத்தச் சோதனை எல்லாம் வேண்டும். இரத்தம் சோதனைக்கூடத்தை அடைந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். அதன்பிறகும் மெல்போர்ன் அருகே அரசின் தனிமைக் கூடத்தில் குறைந்தது பத்து நாள்.

எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பும் ஒருவர், மெக்சிகோத் தெருநாயை உடன் அழைத்துச் செல்வதற்கு இத்தனை வாயில்களையும் தாண்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நாயால் மனிதருக்குப் பரவும் வெறிநோயை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டது மெக்சிகோவைத்தான். எனினும் வரிசை வரிசைதான்.

சட்டம் தெரிந்தபின் எங்கள் கூச்சல் தணிந்தது, சண்டை தணியவில்லை. நாயைக் கடலுக்கு அழைத்துச் செல்வதே தவறு என்றனர் ஒரு சாரார். மனிதன் தன் விருப்பத்தால் போகிறான்; புயல் வரும் என்று அவனுக்குத் தெரியும். நாய்க்கு என்ன தெரியும்? ஓடுவதற்கு இடமில்லை, முகர்வதற்கு மண்ணில்லை, கப்பல் நோய் கண்டால் வாயில் எச்சில் ஒழுக ஒடுங்கிக் கிடப்பதைத் தவிர வழியில்லை. அதைக் கேட்டா அழைத்துச் செல்கிறார்கள்? மற்றொரு சாரார், பெல்லாவைக் கேட்டார்களே, அது மூன்று முறை பதில் சொன்னதே என்றனர். நாய்க்கு ஊர் என்பது மண் அன்று, ஆள்தான் என்பது அவர்கள் கட்சி.

விடுதியில் தங்கிப் படிக்கும் கடற்கரையூர்த் தோழி ஒருத்தி அதுவரை பேசவேயில்லை. "எங்க அப்பா நாயைப் படகிலே ஏத்த மாட்டாங்க. வலையிலே கால் மாட்டும், கத்தி ஆள் கவனத்தைக் கெடுக்கும். ஆனா எங்க நாய்க்கு எங்க படகு இஞ்சின் சத்தம் தெரியும். அம்மாவுக்கு முன்னாடி அதுதான் கரைக்குப் போய் நிக்கும்" என்றாள். இரு சாராருக்கும் இதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

ஒருவகையில் நாங்கள் நடுநிலையாகப் பேசத் தகுதியற்றவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. அப்பாவுக்கு மாற்றல் வந்தது. புதிய ஊரில் கிடைத்த வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு வீடு தேட நேரமில்லை என்றார் அப்பா. ஜிம்மியைப் பால்காரரிடம் ஒப்படைத்தோம். சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னால் அது தெருமுனை வரை ஓடிவந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்று அம்மா முன்னமே சொல்லியிருந்தார்கள். ஷாடோக்கைப் பற்றி வகுப்பில் மிக உரக்கக் கத்தியவர்கள் நாங்களே. அவர் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. நாங்கள் ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது.

பொங்கல் விடுமுறையில் அந்த ஊருக்குப் போக வாய்த்தது. பால்காரர் வீட்டு வாசலில் ஜிம்மி படுத்திருந்தது. நன்றாகப் பருத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து பாவாடையையும் கைகளையும் ஒவ்வொன்றாக மோந்தது. வாலை ஆட்டியது. தலையை எங்கள் முழங்காலில் வைத்துச் சற்று நேரம் நின்றது. அதற்குள் பால்காரர் கேன்களைச் சைக்கிளில் மாட்டி மணியடித்தார். ஜிம்மி காதை நிமிர்த்தியது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சைக்கிளுக்குப் பின்னால் ஓடியது.